ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு துளி ரத்தம்

காவிரித் தகராறில் பெங்களூரு பற்றியெரிந்த அந்த டிசம்பரில் நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். கீழே கிளினிக், அங்கே ரத்தப் பரிசோதனை என் வேலை. மாடியில் வீடு. வெளியே ஊரடங்கு. கரண்டும் போய்விட்டது. மங்களூருக்கு வேலையாகப் போய்த் திரும்பிய என் கணவர் குளிர்ஜுரத்தில் கட்டில் ஆட நடுங்கினார்.

டாக்டர் மல்லேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். போனில், "மலேரியா மாதிரிதான் இருக்கு. எந்த வகைன்னு பாரும்மா. மோசமானதா இருந்தா மூளைக்கு ஏறிடும். எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்," என்றார்.

அந்தத் தெருக்கள் வழியாகவா?

கணவரைக் கீழே அழைத்துவந்து பெஞ்சில் படுக்கவைத்தேன். விரலில் குத்தி, ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றினேன். எங்கள் மைக்ராஸ்கோப் பல்பு எரிந்தால்தான் உதவும். அலமாரியில் அழகுக்கு நின்ற பித்தளை மைக்ராஸ்கோப்பை எடுத்தேன். டாக்டரின் அப்பா காலத்தது. அடியில் சாய்த்துத் திருப்பக்கூடிய ஒரு வட்டக் கண்ணாடி. வானத்து வெளிச்சத்தை வாங்கி, ஸ்லைடின் வழியாகக் குழலுக்குள் அனுப்பும். அந்த வெளிச்சத்துக்குத் தெருப்பக்க ஜன்னலைத் திறக்க வேண்டும்.

"தொறக்காத. தமிழ்க்காரங்கன்னு தெரிஞ்சா..." என்றார் கணவர்.

"சத்தமாப் பேசாதீங்க," என்று ஒரு கதவை மட்டும் திறந்தேன்.

ஸ்லைடில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பக்கவாட்டில் பார்த்தபடியே பெரிய திருகால் குழலை இறக்கினேன். லென்ஸ் எண்ணெயைத் தொட வேண்டும், ஸ்லைடைத் தொடக்கூடாது. கொஞ்சம் கூடினால் ஸ்லைடு நொறுங்கும். பிறகு கண்ணை வைத்துச் சின்னத் திருகைத் திருப்பினேன். மங்கலாக ஏதோ தெரிந்தது. சட்டென்று இருட்டு.

ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். "கிடகி முச்சம்மா!" சாத்தச் சொன்னார்.

"ஒந்து நிமிஷ சார், ரக்த பரீக்ஷே," என்றேன். என் கன்னடத்தில் தமிழ் வாடை அடித்திருக்குமோ? அவர் பெஞ்சைப் பார்த்தார். "பேக மாடி," சீக்கிரம் என்று சொல்லி நகர்ந்தார்.

மறுபடி கண்ணாடியைச் சாய்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மோதிரம் போலக் கிருமி. மோசமான வகையும் மோதிரம் போலத்தான் இருக்கும். ஆனால் கிருமி புகுந்த அணுக்கள் பக்கத்து அணுக்களைவிட ஊதியிருந்தன. மோசமான வகையில் அப்படி ஊதாது. ஸ்லைடு முழுவதும் நகர்த்தித் தேடினேன். வேறு வகைக் கிருமி எதுவும் இல்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு டாக்டருக்குப் போன் போட்டு, மோசமான வகை இல்லை என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார்."

"அப்ப நம்ம அலமாரியில இருக்கிற மாத்திரையே போதும்."

போனை வைத்துவிட்டு மாத்திரையை எடுத்துக் கணவருக்குக் கொடுத்தேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு இன்னொரு முறை குளிர் வந்து, பிறகு ஜுரம் விட்டது. எழுந்ததும் இட்லி கேட்டார். கடைகள் இன்னும் திறக்கவில்லை. கஞ்சிதான் வைத்துக் கொடுத்தேன்.