“காது சூப்பரா கேக்குதுக்கா”

காது பரிசோதிக்கும் படிப்பில் கடைசி வருடம். ஏகப்பட்ட பந்தா எனக்கு. சேரன்மகாதேவியிலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையோடு வந்தார். பிறந்ததும் அழாததால் மூளை பாதிக்கப்பட்ட பையன். காதை மட்டும் பார்க்கும் முதல் பரிசோதனையில் பாஸ். ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் அடுத்ததற்கு அவன் தூங்க வேண்டும், தூங்கவில்லை. எனக்கோ பசி.

“இன்னொண்ணும் பாக்கணும்னாவளே தம்பி?”

“வேண்டாம்க்கா. காது சூப்பரா கேக்குது, போங்க.”

பல மாதம் கழித்து, பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று மறுபடி வந்தார். அன்று தூங்கினான். ஒலி மூளைக்குப் போகவே இல்லை. சொன்னேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. அவன் தொடையைத் தடவினார்.

“கேக்குதுன்னு சொன்னியள்லா தம்பி... கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான், பிடிவாதம்னு நேத்துகூட அடிச்சிட்டேன். மன்னிச்சிரு ராசா.”

அது அவனுக்குக் கேட்டிருக்காது. அந்த மன்னிப்பை நான்தான் கேட்டிருக்க வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை.