புற்றுமண் வாசம்

பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவள் கைப்பிள்ளையின் சிரங்குக்குக் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீர்விட்டுக் குழைத்துத் தடவினாள். அந்த ஈர வாசம், இன்று வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட சங்கரன்கோவில் சர்ச் காம்பவுண்டுக்கு, சவுக்காரம் படிந்து வழுக்கும் எங்கள் துவைகல்லுக்கு என்னை இழுத்துப்போனது.

சிறுமியான என் கால் சிரங்குக்கு எதிர்வீட்டுக் கோமதி அத்தை இதே மண்ணைப் பூசிவிட்டிருந்தாள். அதைக் கண்ட அப்பா, சபையின் உபதேசியார், “பேய் மண்ணு, பேய் மண்ணு” என்று ஜெபிக்கிற அதே குரலில் முனகியபடி, என்னை அந்தக் கல்லில் நிறுத்தி, தேங்காய் நாரால் நல்ல தோலும் உரிந்து நுரை சிவக்கும்வரை தேய்த்தார். அம்மா தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

புண் ஆறியதும் ஞாயிறு ஆராதனையில் என்னைப் பெஞ்சில் ஏற்றி, கர்த்தர் சுகமாக்கினார் என்று தழும்பைக் காட்டிச் சாட்சி சொன்னார்.

“ஸ்தோத்திரம் சொல்லுட்டி” என்று அந்தத் தழும்பிலேயே கிள்ளினார்.

சபையே மெய்சிலிர்க்கும்படி கத்தினேன்.