குமணன்சாவடியில் போன என் ஹெல்மெட்

இன்று குமணன்சாவடி ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்கிவிட்டு வெளியே வந்தால், வண்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் காணோம்.

கடைக்காரரிடம் சொன்னேன்.

"வாசல்லயே கேமரா கீது நைனா. எவன் எடுத்தாலும் மூஞ்சி தெரிஞ்சிடும்" என்று டிவியைப் போட்டார்.

ஒரே மஞ்சள் மூட்டம். நடுவில் சிவப்பு. அதற்குப் பின்னால் ஒரு நிழல் குனிந்து நிமிர்ந்தது.

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் லென்ஸ் மேலேயே காய்ந்து கிடந்தன.

"தொடச்சிருக்கலாமே" என்றேன்.

"பூஜைக்கு வச்ச பொட்ட தொடச்சா ஆவாது. இது பழைய கேமரா நைனா, அதான் கிளியரா இல்ல. இதவிட பெருசா ஒண்ணு மாட்டப் போறேன்."

மாட்டட்டும். பொட்டும் பெரிதாக வைப்பார்.

உங்கள் கடைக் கேமராவில் பொட்டு எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். திருடன் ஏற்கனவே பார்த்திருப்பான்.