முன்னறைக்கு முப்பது பூசை

ரெக்சின் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று மேம்பாலத்துக்கு அடியில் கடை போட்டிருப்பவர்கள் சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். கார் சீட்டுக்கு உறை தைப்பது அவள் தொழில். கிழிந்த உறையை உரித்து, பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்து, புது ரெக்சினை முழங்காலால் அமுக்கி இழுத்துப் பிடிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால், அந்தச் சீட்டு அவளுக்கு என்னவோ துரோகம் செய்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் தையல் விட்டுப்போனது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அவள் புருஷன் அதே வரிசையில் பேட்டரிக் கடை வைத்திருந்தான். வைத்திருந்தான் என்பதே மரியாதைக்குச் சொல்வது. கடையைத் திறந்தது அவள், வாடகை கட்டியது அவள், வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொன்னது அவள். அவன் குடித்தான். குடித்த நாட்களில் அடித்தான். குடிக்கக் காசில்லாத நாட்களில் காசில்லை என்பதற்காக அடித்தான். பதினேழு வருஷம். ஈரல் கெட்டு அவன் செத்தபோது அக்கா அழவில்லை. "ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்று துக்கத்துக்கு வந்த பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். "வந்தா சொல்லி அனுப்புறேன், நீங்க கிளம்புங்க" என்று அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

பிரச்சினை அவன் செத்ததில் இல்லை. அவன் படுத்துச் செத்த முன்னறையில் இருந்தது. தெருவைப் பார்த்த அகலக் கதவு, இரண்டு ஜன்னல், நல்ல சிமெண்டுத் தரை. தையல் மெஷினை அங்கே கொண்டுவந்து போட்டால் மேம்பாலத்தடியில் புழுதி தின்ன வேண்டாம். பள்ளிக்கூட வேன்கள் ஓட்டும் ஒருவர், தன் வண்டிகள் அத்தனைக்கும் சீட் தைக்கும் வேலையை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். கழற்றிய சீட்டுகளை மழை படாமல் அடுக்கி வைக்க இடம் வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. அக்காவின் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை அதுவரை வந்ததில்லை. ஆனால் வீடு மாமியார் பெயரில் இருந்தது. மாமியாரோ அந்த அறைக்குள் துடைப்பத்தைக்கூட விடவில்லை.

"எம்புள்ள உத்தரிக்கிற ஸ்தலத்துல வெந்துக்கிட்டிருக்கான். அவன் கரையேறுற வரைக்கும் அந்த ரூம்ல ஒரு துரும்பை அசைக்கக்கூடாது" என்றாள்.

மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல், செய்த பாவம் தீரும்வரை ஆத்மா நெருப்பில் கிடக்கும் இடம் அது. புருஷன் அதைவிட ஒரு மாடி கீழே இருப்பான் என்பதுதான் அக்காவின் கணிப்பு. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

"எப்ப அத்தை கரையேறுவாரு?"

"முப்பது நாள் விடாம அவனுக்குன்னே பூசை வைக்கணும். நடுவுல ஒருநாள் அறுந்தாலும் திரும்ப முதல்லேர்ந்து. முடிச்சுட்டு வா, ரூமை நீயே எடுத்துக்க."

மாமியார் வாக்குக் கொடுத்தால் மாற மாட்டாள். மறுநாளே அக்கா மாதா கோயிலுக்குப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருந்தது. சாதாரணப் பூசைக்கு இவ்வளவு, பாட்டுப் பூசைக்கு இவ்வளவு, பீடத்தில் பூ வைக்க இவ்வளவு. "கட்டணம் இல்லம்மா, காணிக்கை" என்று சொல்லிக்கொண்டே சாமியார் பலகைப் பக்கம் கையைக் காட்டினார். காணிக்கை என்றால் மனசுக்குத் தோன்றியதைக் கொடுப்பது. மனசுக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதையும் இங்கே எழுதி மாட்டிவிட்டார்கள். போன வருஷம் அதே சாமியாரின் காருக்கு முழுக்க உறை தைத்துக் கொடுத்தபோது அவர் அக்காவுக்குக் கொடுத்தது ஆசீர்வாதம். அதை எடுத்துக்கொண்டு போனால் நூல் கடைக்காரன் நூல் தரமாட்டான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, வேலைக்கு வாங்கிய முன்பணத்திலிருந்து முப்பதுக்கும் எடுத்து வைத்தாள். சாமியார் எண்ணிப் பார்த்து மேசை இழுப்பறையில் போட்டார்.

தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தொடக்கத்தில் சாமியார் இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று புருஷன் பெயரை வாசிப்பார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, வாசித்தாரா என்று மட்டும் கவனிப்பாள். அதற்குப் பிறகு அவள் மனசு முன்னறைக்குப் போய்விடும். மெஷின் எங்கே, ரெக்சின் சுருள் எங்கே, வெட்டுகிற மேசை கதவோரமா ஜன்னலோரமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் முழங்காலிடும்போது அவளும் முழங்காலிட்டாள். பக்தி என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் பாடு.

இருபத்திரண்டாம் நாள் கோயில் நிறைந்திருந்தது. பீடம் முழுக்க ரோஜா, பாடகர் குழு, வீடியோ எடுக்க இரண்டு பேர். ஓய்வுபெற்ற டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். சாமியார் ஒலிவாங்கிக்கு முன்னால் குழைந்து குழைந்து அவர்கள் இருவருக்காகவும் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். அவர்கள் பிள்ளைகளைச் சொன்னார், பேரன் பேத்திகளைச் சொன்னார். அக்கா புருஷனின் பெயரைச் சொல்லவே இல்லை. அக்கா கடைசி ஆசீர்வாதம்வரை காத்திருந்தாள். பிறகு நேரே சாமியார் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தாள்.

"சாமி, இன்னிக்கு எம்புருஷன் எங்க?"

அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த சாமியாரின் தலை துணிக்குள் மாட்டியிருந்தது. "யாரும்மா?"

"செத்துப்போனவரு. முப்பது நாளைக்கு உங்ககிட்ட ஒப்படைச்சிருந்தேனே."

தலை வெளியே வந்தது. "ஓ. டாக்டர் வீட்டு விசேஷம், தவிர்க்க முடியல. நாளைக்குச் சேர்த்து வேண்டிக்கலாம்."

"சேர்த்தா? அறுந்துபோச்சே சாமி."

"தகுந்த காரணம் இருந்தா ஒருநாள் விட்டாலும் பலன் குறையாதும்மா, திருச்சபையே சொல்லியிருக்கு. கடவுள் என்ன நாளை எண்ணிக்கிட்டா உக்காந்திருக்காரு?"

"அவரு எண்ணலைன்னா, முப்பதுக்கும் எண்ணி வாங்கினது யாரு?"

மேசைமேல் டாக்டர் வீட்டுக் கவர் கொழுத்துக் கிடந்தது. அக்கா அதைத் தொடாமல் விரலால் காட்டினாள். "தகுந்த காரணம் இதுதானா?"

சாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "முதல்லேர்ந்து வேணும்னா வைக்கலாம். ஆனா அதுக்குப் புதுசா..."

"என் தையல் பிரிஞ்சா திரும்பத் தைக்க நான் காசு கேக்குறதில்ல."

சாமியார் குரலைத் தணித்தார். அவர் கெட்டிக்காரர்தான். "உங்க மாமியாருக்காகத்தானே இவ்வளவும்? அவங்களால கோயிலுக்கு வர முடியாது. முப்பதும் முடிஞ்சதுன்னு சொல்லிட்டா முடிஞ்சது. உங்களுக்கு அவர் மேல பாசமே இருந்ததில்லன்னு எல்லாருக்கும் தெரியும். பிறகெதுக்கும்மா இந்தச் சண்டை?"

 அக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "மிச்ச நாளைக்கு உள்ளதைக் குடுங்க" என்று கையை நீட்டினாள். வெளியே டாக்டர் வீட்டார் படம் எடுக்கச் சாமியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவசர அவசரமாக அந்தக் கவரையே பிரித்து அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. எதுக்கு இந்தச் சண்டை? உயிரோடு இருந்தபோது சாராயக் கடைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் காசைத் தூக்கிக்கொண்டு ஓடி அவனை மீட்டுக்கொண்டு வந்தாள். செத்த பிறகும் அதே ஓட்டம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்குகிற ஆள் மட்டும்தான் மாறியிருந்தான். சாமியார் மேல் இருந்த ஆத்திரம் பாதி வழியில் புருஷன் மேல் திரும்பியது. அவன் கரையேற வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட அவள் நினைத்ததில்லை. நினைக்கவும் மாட்டாள்.

மாமியார் முன்னறை வாசலில் நாற்காலி போட்டு, ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சுதா இன்னிக்குப் பூசை?"

முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் சில நாள் காலையில் எழுந்து எங்கேயாவது போய்விட்டு வந்தால் அறை அவளுக்கு. வேன்காரர் வேறு இன்னும் பத்து நாள்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"முடியல அத்தை. இன்னிக்கு அறுந்துபோச்சு."

"அப்ப முதல்லேர்ந்து ஆரம்பி."

"மாட்டேன். எனக்கு ரூமே வேணாம். உங்க புள்ள அங்கேயே கிடக்கட்டும். பதினேழு வருஷம் நான் இந்த வீட்டுல வெந்தேன், எனக்கு யாரு பூசை வச்சா? நான் கத்துனப்பல்லாம் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான நீங்க படுத்திருந்தீங்க? ஒருநாள் எந்திரிச்சு வந்தீங்களா?"

 இத்தனை வருஷத்தில் அக்கா மாமியாரிடம் அதைக் கேட்டதே இல்லை. பெட்டி படுக்கையோடு வெளியே போ என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும் என்று நின்றாள்.

மாமியாரின் விரல் ஜெபமாலையில் நகராமல் நின்றது. "வரலதான்" என்றாள்.  பிறகு நாற்காலியை இழுத்து வாசலை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "மெஷினைக் கொண்டுவந்து உள்ள போடு."

அக்கா நம்பவில்லை. "அப்ப அவரு?"

"கிடக்கட்டும். அவங்கப்பனும் அங்கதான் கிடக்கான். அந்த ஆளுக்கு இன்னிவரைக்கும் நான் ஒரு பூசைகூட வைக்கல."