மோட்டார் ரூம் பக்கத்தில் நாற்பத்தேழு விநாடி

புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "தானா ஆஃப் ஆவுதுங்க, என்னமோ புடிச்சிருக்கு" என்று பயபக்தியோடு சிபியூவைக் கொண்டுவந்து வைப்பார்கள். திறந்து பார்த்தால் ஃபேனுக்குள் பல்லி செத்துக் கிடக்கும். பதின்மூன்று வருடமாக இப்படிப் பல்லிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்புதான் வரும். கோளாறு என்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருக்கும், அது ரேமிலோ டிஸ்க்கிலோ வயரிலோ இருக்கும், அவ்வளவுதான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நான் இன்னும் பல்லியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் அண்ணன் செல்வராசு, விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை வருகிற ஒரு தனியார் பஸ்ஸில் ஆறு வருடம் டிரைவராக இருந்தவர். இலுப்பூர் தாண்டி அன்னவாசல் போகிற வழியில் ரோட்டோரம்தான் எங்கள் வயல், அங்கே ஒரு மோட்டார் ரூம், அதை ஒட்டி ஒரு வேப்பமரம். அது ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் அப்பா தினமும் பதினோரு மணிக்கு அங்கே நின்றுகொண்டு, மடக்கிய குடையை ரோட்டுப் பக்கம் நீட்டுவார். அண்ணன் நிறுத்துவார். அப்பா ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, அன்னவாசல் வரை ஒரு வார்த்தை பேசாமல் வருவார். அன்னவாசலில் ஒரு டீ குடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. மகன் ஓட்டுகிற பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும், அதற்குத்தான் போனார்.

அவருடைய ரோஷத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் பஸ் முதலாளி முன்சீட்டில் இருந்ததால் அண்ணன் நிறுத்தாமல் போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்காமல் ரிவர்ஸ் எடுத்தே திரும்பி வந்தார், கண்டக்டர் இறங்கிப்போய்க் கூப்பிட்டார். அப்பா முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அன்னவாசல் வரை நடந்தே போனார். ஒரு மாதம் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. யாரையும் திட்டவுமில்லை. கடைசியில் அண்ணனே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய், கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றிய பிறகுதான் ஏறினார்.

அதற்கப்புறம் அண்ணன் டிரெய்லர் ஓட்டக் குவைத்துக்குப் போனார். அவர் அங்கே இருக்கும்போதுதான் அப்பா இறந்துபோனார். லீவு தரவில்லை. நான்தான் என் போனில் வீடியோ கால் போட்டு, அண்ணனுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பையன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். சரியாக அப்பாவைத் தூக்குகிற நேரத்தில் படம் சிக்கி நின்றுவிட்டது. அண்ணனுக்குக் கடைசியாகத் தெரிந்தது, சேர்த்துக் கட்டிய அப்பாவின் இரண்டு கால் பெருவிரல்கள்தான். மூத்தவர் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் நான் வைத்தேன். "மொகத்தப் பாக்கலடா தம்பி" என்று ரெண்டு வருடமாக ஒவ்வொரு போனிலும் சொல்வார். ஊருக்கே நெட் சரி செய்து கொடுக்கிறவன், அன்றைக்கு என் போன் சிக்னலைப் பார்க்காமல் விட்டேனே என்ற குற்றவுணர்ச்சி எனக்கு இன்றுவரை போகவில்லை.

கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நம் ஊர் பஸ்ஸையும் ரோட்டையும் நாமே செய்து அதில் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணன் ஒரு நாள், "நம்ம ரூட்ட அதுல போட்டு, நீ ஓட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்புடா, ரூம்ல கெடந்து பாத்துக்கிறேன்" என்றார். நாலு மாதம் உட்கார்ந்து இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரை செய்தேன். மோட்டார் ரூம் வைத்தேன், வேப்பமரம் வைத்தேன். ஆள் வைக்கவில்லை. அந்த விளையாட்டில் ஸ்டாப்பிங் என்று குறித்த இடத்தில் மட்டும்தான் ஆட்கள் நிற்பார்கள். மோட்டார் ரூமை நான் ஸ்டாப்பிங்காகக் குறிக்கவே இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டினேன். ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ரெக்கார்ட் ஆன வீடியோவைப் போட்டுப் பார்த்தால், மோட்டார் ரூம் கிட்டே வரும்போது படம் சிக்கிச் சிக்கி, தத்தித் தத்தி, அப்படியே நின்று, திரும்பவும் கிளம்புகிறது. மற்ற இடமெல்லாம் சுத்தம். சரி, மாதிரிக்குப் பார்க்கட்டும் என்று நெட்டில் ஏற்றி அண்ணனுக்கு லிங்க் அனுப்பிவிட்டு, கோளாறைத் தேட ஆரம்பித்தேன்.

கிராபிக்ஸ் கார்டு திணறுகிறதோ என்று தரத்தைக் குறைத்தேன். டிஸ்க் எழுத முடியாமல் தவிக்கிறதோ என்று வேறு டிஸ்க்கில் சேமித்தேன். பின்னால் ஓடுகிற எல்லாவற்றையும் மூடினேன். டிரைவரை, அதாவது கார்டுக்கான சாஃப்ட்வேரை, அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஆறு தடவை ரெக்கார்ட் செய்தேன், ஆறு தடவையும் அதே இடத்தில் சிக்கல். ரெக்கார்டரின் குறிப்பைத் திறந்து பார்த்தால் ஒரு பிரேம்கூட விடுபடவில்லை என்கிறது. இன்னொன்றையும் அப்போதே கவனித்தேன், கவனித்துவிட்டு ஒதுக்கிவிட்டேன், அதுதான் என் புத்தி. முதல் தடவை நான் ஓட்டியது நாற்பத்தொரு நிமிடம் பத்து விநாடி. வீடியோவின் நீளம் அதைவிட நாற்பத்தேழு விநாடி அதிகம். சிக்குகிற வீடியோவில் படம் குறையுமே தவிர நேரம் கூடாது. நடக்காத ஒரு நாற்பத்தேழு விநாடியை மெஷின் எங்கிருந்து எடுத்தது? தெரியாது. டெஸ்டுக்கு எடுத்த ஃபைல்கள்தானே என்று இடத்தை அடைக்காமல் ஆறையும் அழித்தேன்.

மறுநாள் அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரல் உடைந்திருந்தது. "தம்பி, எப்புடிடா இப்புடிச் செஞ்ச? அச்சு அசலா இருக்குடா. மூணு தடவ பாத்துட்டேன். நல்லாருப்படா நீ." நான் மேப்பைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. கூடவே தொழில்காரனின் வீம்பும் வந்தது, பழுதான வேலையைக் கொடுத்துவிட்டு வாழ்த்து வாங்குவதா என்று. "இருங்கண்ணே, அது சிக்குது, நல்லதா அனுப்புறேன்" என்று செய்தி போட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் நெட்டில் இருந்த அந்த வீடியோவையும் என்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

புதன்கிழமை காரணத்தைக் கண்டுபிடித்தேன், அதாவது கண்டுபிடித்ததாக நினைத்தேன். மானிட்டரின் வேகமும் ரெக்கார்டிங்கின் வேகமும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி எடுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது, ஒரு ஜெர்க் இல்லை, ஒரு விநாடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. அனுப்பினேன்.

ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அடுத்த நாள் நான் டீக்கடையில் நிற்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"ஏன்டா நிப்பாட்டல?"

"எங்கண்ணே?"

"மோட்டார் ரூமுகிட்டதான்டா. அப்பா கொடைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, நீ பாட்டுக்குப் போயிட்டே இருக்க."

"அண்ணே, நான் அங்க ஆளே வைக்கலண்ணே."

அந்தப் பக்கம் லாரி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"மொத வீடியோவுல நிப்பாட்டுனியேடா. ஏறுனாரே. என் பின்சீட்டுல ஒக்காந்தாரு. உள்கண்ணாடியில மொகம் நல்லாத் தெரிஞ்சுச்சு. நான் நீதான் எனக்காக அப்பாவச் செஞ்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்றுகூட ஞாபகமில்லை. கடைக்கு ஓடிவந்து புது வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ரோடு, மோட்டார் ரூம், வேப்பமரம். அவ்வளவுதான். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "உங்க அண்ணனுக்கு அங்க வெயில் ஒத்துக்கலையோ என்னமோ, ஒரு டாக்டரப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். எனக்கும் அதே பயம்தான். அண்ணனோடு ரூமில் இருக்கிற பொன்னமராவதிக்காரர் பழனியப்பனுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தாங்க இருக்காரு, சாப்புடுறாரு, வண்டி ஓட்டுறாரு" என்றார். நான் மெதுவாக, அந்த முதல் வீடியோவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாத்தேங்க. கொடையோட ஒரு பெரியவரு ஏறுனாரே, அதானே?" என்றார். நான் குடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அண்ணன் அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைக் கடத்தினேன்.

ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். அண்ணன் ரெண்டு வருடமாக ஏங்கிய முகத்தை எப்படியோ பார்த்திருக்கிறார், அதை நான் அழித்திருக்கிறேன். டிஸ்க்கில் அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், மேலேயே புதிதாக எழுதியாகிவிட்டது, வரவில்லை. சரி, சிக்கலைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று இறங்கினேன். பழைய செட்டிங்கை அப்படியே வைத்தேன். மெதுவான டிஸ்க்கைப் போட்டேன். வேண்டுமென்றே இருபது புரோகிராமைத் திறந்து சிஸ்டத்தைத் திணறடித்தேன். ரோடு முழுக்கச் சிக்கியது, மோட்டார் ரூம் கிட்டே மட்டும் தண்ணீர் மாதிரி ஓடியது. வீடியோ சிக்குகிறது என்று வருகிற எத்தனையோ பேருக்குச் சரி செய்து கொடுத்தவன், மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை சிக்கித் தொலையேன் என்று அழுதேன். ஆமாம், அழுதேன்.

பிறகு ஒரு ஞாயிறு, விளையாட்டிலேயே மோட்டார் ரூம் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்தேன். கடிகாரத்தைப் பார்த்து நாற்பத்தேழு விநாடி காத்திருந்தேன். காலிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், கதவை மூடிவிட்டுக் கிளம்பினேன். அதை அண்ணனுக்கு அனுப்பினேன்.

"பாத்தாரு" என்றார் அண்ணன். "ஏறல. மொகத்த வயப்பக்கம் திருப்பிக்கிட்டாருடா."

அந்த மனுஷனை எங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அவர் மோட்டார் ரூம் பக்கத்தில் இல்லை என்றார் அண்ணன். அரைக் கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாராம், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு. பஸ் தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தால் குடை முகத்தை மறைத்துவிடுகிறதாம். வாரா வாரம் எடுத்து அனுப்புகிறேன், வாரா வாரம் அவர் இன்னும் முன்னால் போயிருக்கிறார். எனக்கு வெறும் ரோடுதான் தெரிகிறது. அண்ணன் ஒரு இடத்தைச் சொல்வார், அடுத்த தடவை அந்த இடத்தில் நான் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கிப் போவேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

"நீ நிப்பாட்டிக் கூப்புடாதடா, இன்னும் கோவம் கூடும்" என்கிறார். "நான் வந்து கையப் புடிச்சு ஏத்துனாத்தான் ஏறுவாரு. லீவு கேட்ருக்கேன்." மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் கிடைக்கவில்லை.

போன வாரம் அப்பா அன்னவாசலும் போய், சித்தன்னவாசல் விலக்கையும் தாண்டிவிட்டாராம். என் மேப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டோடு முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் நான் எதுவும் செய்யவில்லை, ரோடு இல்லை, தரையே இல்லை, வெறும் சாம்பல் நிறம். தவறிப்போய் பஸ்ஸை அங்கே விட்டால் விழுந்துகொண்டே இருக்கும், அடி என்று ஒன்று கிடையாது.

அதனால் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ரோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். சும்மா கம்ப்யூட்டருக்குள் போடுகிற ரோடுதான், எனக்கும் தெரியும், நீங்கள் சிரிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுக்கோட்டையைத் தாண்டித் திருமயம் வரைக்குமாவது போட்டாக வேண்டும். இப்போதெல்லாம் கொஞ்சம் வேகமாக நடக்கிறார் என்கிறார் அண்ணன்.