வாசலில் ஒற்றைச் செருப்பு

இன்று காலை கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் போனேன். பையில் என் வீட்டுக்காரரின் தோல் செருப்புகள். ஒன்று முழுசாக இருந்தது. மற்றதை எங்கள் நாய் மணியன் கடித்துக் குதறியிருந்தான்.

துறைமுகத்தில் வேலை பார்த்த அவர், போன மாசியில் காலமானார். ஆம்பிளை இல்லாத வீடென்று ஆட்களுக்குத் தெரியக்கூடாதென்று அவருடைய செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன்.

அவர் போனதிலிருந்து மணியன் கண்டதையெல்லாம் கடித்தான். இருக்கிற கதிரையின் கால், படுக்கிற பாய், சமைக்கிற குசினியின் கதவு. எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய் பூசினேன். செருப்புக்கு மட்டும் பூச மனம் வரவில்லை. அதில் அவருடைய வாசம் இருந்தது.

வீட்டில் கசக்காத பொருள் அது ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"இனி ஏலாதம்மா, நாயைக் கப்பல்துறை ஊரில ஆரிட்டையாவது குடுத்துவிடுவம்" என்று மகள் நேற்றே சொல்லிவிட்டாள்.

தைப்பவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தைக்க ஏலாதம்மா. நாய்க்கு நல்ல அடி போட்டிருப்பீங்களே?"

"கை ஓங்கினனான். அது செருப்பை வாயில வச்சபடி வாசல் படலையைப் பாத்துக்கொண்டு கிடந்தது. அடிக்கேல்லை."

அவர் கிழிந்த செருப்பை என் கையில் வைத்தார்.

"அப்ப இதை அதுக்கே குடுங்கோ. மற்றது உங்களுக்கு."

அப்படியே செய்தேன். மணியன் எங்கும் போகமாட்டான் என்று மகளிடமும் சொல்லியாயிற்று.

வாசலில் இப்போது ஒற்றைச் செருப்பு. இந்த வீட்டு ஆம்பிளைக்கு ஒரு கால்தான் என்று ஊர் நினைக்கட்டும்.

நாய் கடிக்காமலிருக்க வேப்பெண்ணெயை விட நல்ல வழி தெரிந்தால் சொல்லுங்கோ. கதிரைக்கு மட்டும்தான்.