தீவுக்காரி தைத்த பூட்ஸ்

எழுபத்தொன்பதாம் வருஷம் அக்டோபரில் என் தம்பி தெலின் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பினான். கூடவே ஒரு பெண்டாட்டியும் வந்தாள். சீனாவின் தெற்குக் கோடியில், பனியே விழாத ஹாய்னான் தீவில் மூன்று வருஷம் காவல் இருந்தவன், அங்கேயே ஒரு ரப்பர்த் தோட்டக்காரர் மகளைக் கட்டிக்கொண்டுவிட்டான். பெயர் ஹாய்தாங்.

அம்மா அப்பா போன பிறகு தெலினை வளர்த்தவள் நான். அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தவளும் நான். ஆகவே ரயிலடியில் அவளைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அன்று காலை வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. அவள் காலில் மெல்லிய துணிச் செருப்பு, உடம்பில் ஒற்றைச் சட்டை, அதன்மேல் தெலினின் பட்டாளத்துக் கோட்டு.

"ஏண்டா, சீர் எங்கடா? இதுதானா?" என்று அவள் கையிலிருந்த துணி மூட்டையைக் காட்டிக் கேட்டேன்.

"மிளகும் காஞ்ச தேங்காயும் இருக்கு அண்ணி" என்றாள் அவளே. பல் தந்தியடித்தது. ஆனாலும் சிரித்தாள்.

"தேங்காயக் கால்ல மாட்டிக்க முடியுமாடி?" என்றேன். ரயிலடியில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊர் மரம் வெட்டும் ஊர். நவம்பரில் காட்டுக்குள் போகும் ஆண்கள் மார்ச் வரைக்கும் போக்கும் வரவுமாக இருப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது என்றால் நல்ல நாள் என்போம். டிசம்பர் வருவதற்குள் ஹாய்தாங்கின் காது மடல் கொப்பளித்தது, விரல்கள் சிவந்து வீங்கின. அடியில் அடுப்புப் புகை ஓடும் செங்கல் படுக்கையை விட்டு அவள் இறங்கவே இல்லை. வசந்த விழாவுக்கு, அதாவது எங்கள் புத்தாண்டுக்கு, முன்னால் ஓடிவிடுவாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நூறு கொழுக்கட்டை பந்தயம் கட்டினேன்.

பந்தயத்தில் நான் தோற்றேன். பந்தயம் கட்டிய மறுவாரம் நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஒரு ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தாள்.

"சாமி கும்பிடுறியா? சாமி அந்தப் பக்கம் இல்ல" என்றேன்.

"குளிரு எந்த வழியா உள்ள வருதுன்னு பாக்கறேன் அண்ணி. பொக எங்க ஆடுதோ அங்க ஓட்டை."

"குளிரு எல்லாப் பக்கமும்தான் வரும். இது வடக்கு."

"எல்லாப் பக்கமும் இல்ல. பதினேழு எடம். எண்ணிட்டேன்."

சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, மாவுப் பசை தடவி, பதினேழையும் அடைத்தாள். காசு ஒன்றும் செலவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு கிழிந்த மெத்தையைத் தொங்கவிட்டாள். அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் என் வீட்டில் விறகு தீர்ந்து போனது. அவர்கள் வீட்டு விறகு பாதிகூடக் குறையவில்லை. நான் கூடையோடு போய் நின்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நிரப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அதே குளிர்காலத்தில்தான் இன்னொன்றும் கண்டுபிடித்தாள். தெலின் காட்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றியதும் அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். அவன் பூட்ஸுக்குள்ளும் விட்டுப் பார்த்தாள். பிறகு கையை முகர்ந்தாள்.

"இது வேர்வை" என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "நாப்பது டிகிரி குளிர்ல எவனுக்குடி வேர்க்குது?"

"மரம் அறுக்கறவனுக்கு வேர்க்கும். எங்க ஊர்ல வேர்வையோடதான் பொறக்கறோம், அதோட வாசன எனக்குத் தெரியாதா? வேலை செய்யறப்ப வேர்த்து நனையுது, உக்காந்ததும் அந்த ஈரம் ஒறையுது. இவர குளிரு கடிக்கல அண்ணி. இவரோட ஈரமே கடிக்குது."

எங்கள் தாத்தன் காலத்திலிருந்து இந்தக் குளிரில் இருக்கிறோம். நேற்று வந்தவள் சொல்லித்தர வேண்டுமா என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த இலையுதிர் காலம் முழுக்க அவள் ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நிலவறையில் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் அடுக்கினாள். பெரிய ஜாடியில் கோஸைப் புளிக்கப் போட்டாள். அதெல்லாம் நாங்களும் செய்வதுதான். ஆனால் சதுப்பு நிலத்துக்குப் போய்க் கோரைப்புல்லை அறுத்துச் சுமை சுமையாகக் கொண்டுவந்து வேலி நெடுகக் காயப்போட்டாள். கிழவர்கள் காலத்தில் பூட்ஸுக்குள் அந்தப் புல்லைத் திணிப்பார்கள். கடைப் பூட்ஸ் வந்தபிறகு அதை யார் சீந்துகிறார்கள்?

"என்னடி, பசுமாடு வாங்கப் போறியா?" என்று வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

"உங்க தம்பிக்குத்தான் அண்ணி" என்றாள், மரச் சுத்தியால் புல்லை அடித்து மிருதுவாக்கிக்கொண்டே.

"அவன் மாடாட்டம் உன் பின்னால சுத்தறதால சொல்றியா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

லாரிகளிலிருந்து கழித்துப் போட்ட தார்ப்பாயை வெட்டிப் பூட்ஸுக்கு மேல்பாகம் தைத்தாள். கந்தலை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி, சணல் நூலால் தைத்து, அதற்கும் கீழே மர அறுவை ஆலை தூக்கியெறிந்த கித்தான் பெல்ட்டை வைத்து அடிப்பாகம் செய்தாள். உள்ளே பழைய கம்பளியில் தனி உறை, அதைக் கழற்றி உலர்த்தலாம். உறைக்கும் பூட்ஸுக்கும் நடுவில் கோரைப்புல். அளவோ தெலினின் காலைவிட இரண்டு சைஸ் பெரிது. பார்க்க இரண்டு யானைக்குட்டிகள் போல் இருந்தன. பஞ்சுக் கோட்டையும் பிரித்து மூன்று தனித்தனி உடுப்பாகத் தைத்தாள். வேலை செய்யும்போது ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், உட்காரும்போது ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மத்தியானம் கால்துணியை மாற்ற வேண்டும், மாற்றுத் துணி வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும். இதெல்லாம் அவள் உத்தரவு. தெலின் தலையாட்டினான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் புருஷன் குவாங்சாய்க்கு நகரத்திலிருந்து தோல் பூட்ஸ் வரவழைத்தேன். பளபளவென்று காலை அப்படியே கவ்விப் பிடிக்கும் பூட்ஸ். ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை.

ஜனவரியில் காட்டிலிருந்து எட்டுப் பேர் டிராக்டரில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் எஞ்சின் நின்றுபோனது. மூன்று மணி நேரம் பனியில் நடந்து வந்து சேர்ந்தார்கள். அன்று பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு. குவாங்சாயைத் தெலின்தான் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்தான். தோல் பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. கத்தியால் அறுத்தோம். இரண்டு பாதமும் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"யோவ், வலிக்குதாய்யா?" என்றேன்.

"ஒண்ணுமே தெரியல" என்றார்.

ஒரு தட்டு நிறையப் பனியை அள்ளி வந்து தேய்க்கப் போனேன். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஹாய்தாங் என் கையைத் தட்டிவிட்டாள். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"தேய்க்காதீங்க! தோல் போயிடும். வெதுவெதுப்பா தண்ணி கொண்டாங்க. சூடா வேணாம், கொழந்தயக் குளிப்பாட்டற சூடு."

"உனக்கு யாருடி சொன்னது?"

"போன வருஷம் என் காது போகப் பாத்தப்ப டாக்டர் சொன்னாரு. கொண்டாங்க அண்ணி!"

கொண்டுவந்தேன். ஒரு மணி நேரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். மெல்லப் பாதம் சிவந்தது. குவாங்சாய் வலியில் ஊரே கேட்கக் கத்தினார். அந்தக் கத்தலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. நான்கு நகங்கள் போயின, ஆறு வாரம் படுக்கை. ஆனால் பத்து விரலும் பிழைத்தன.

மறுநாள் காலை வெட்டுக் குழுவின் தலைவர் மா வந்தார். எட்டுப் பேரில் நான்கு பேருக்குக் கால் கெட்டிருந்தது. தெலின் மட்டும் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"பூட்ஸைக் கழட்டுடா" என்றார். கழற்றினான். மா உள்ளே கையை விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை.

"வைக்கோல் போருக்குள்ள கை விட்ட மாதிரி காஞ்சு கெடக்குய்யா! எவ தைச்சது?"

தெலின் வீட்டுக்குள் கையைக் காட்டினான்.

"ஏம்மா தீவுக்காரி, அடுத்த குளிருக்குள்ள எனக்கு நாப்பது ஜோடி வேணும். முடியுமா?"

"முடியும் தலைவரே. ஆனா அண்ணி கூட வரணும்" என்றாள் ஹாய்தாங்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னை எதுக்குடி கூப்பிடுற? உன்னைப் பேசாத பேச்சா நான் பேசினேன்?"

"இந்தத் தெருவுலயே உங்க தையல்தான் கெட்டி. என்னைத் திட்டும்போதுகூட ஒரு தையல் தப்பினதில்ல, பாத்திருக்கேன்."

ஊசியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எட்டு மாதத்தில் நாற்பது ஜோடியும் முடிந்தது. அடுத்த குளிர்காலம் மாவின் ஆட்கள் நாற்பது பேரில் ஒருவர்கூடக் காலைக் காட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

செய்தி மேலே போனது. பிப்ரவரியில் மாகாண நகரத்திலிருந்து ஷென் என்றொரு பொறியாளர் வந்தார். காட்டுத் தொழிலாளர்களுக்கென்று அவர் வடிவமைத்த ரப்பர் பூட்ஸ் அவர் பெட்டியில் இருந்தது. எங்கள் யானைக்குட்டிகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"குப்பையிலேர்ந்து பொறுக்கித் தைச்சிருக்கீங்க. இதுக்கு என்ன கணக்கு, என்ன சோதனை?"

"சோதனை வெச்சுப்போமே" என்றாள் ஹாய்தாங். "ஒரே ஆளு. எடது காலுக்கு உங்களது, வலது காலுக்கு எங்களது. பத்து லி, அதாவது அஞ்சு கிலோமீட்டர், நடக்கட்டும்."

கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் என் புருஷன். "என் காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அது ஒருக்கா செத்துப் பொழைச்ச காலு" என்றார்.

மருந்துக்கடையின் சின்னத் தராசில் இரண்டு காலுறைகளையும் நிறுத்து எழுதினார்கள். குவாங்சாய் கிளம்பினார். ஒரு கால் மெல்லிசு, ஒரு கால் தடிமன். சாய்ந்து சாய்ந்து வாத்து மாதிரி அவர் நடக்க, பின்னால் பாதி ஊர் போனது. கோடரியும் கையில் கொடுத்திருந்தார்கள். பாதி வழியில் அரைமணி மரம் வெட்டி, அரைமணி சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அவர் திரும்பி வந்தபோது மீசையெல்லாம் பனி.

"எப்படிய்யா இருக்கு?" என்று கத்தினேன்.

"வலது பக்கம் ஹாய்னான்! எடது பக்கம் நம்மூரு!" என்று அவரும் கத்தினார்.

இடது பூட்ஸைக் கவிழ்த்ததும் உள்ளிருந்து உறைபனித் தூள் கொட்டியது. காலுறையைத் தராசில் வைத்தார்கள். போனபோது இருந்ததைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வலது காலுறையை வைத்தார்கள். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. டாக்டர் கால் விரலிடுக்கில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். இடதுக்கும் வலதுக்கும் பதினொரு டிகிரி வித்தியாசம். மா தன் தொப்பியைத் தூக்கி மேலே வீசினார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஹாய்தாங்கைத் தூக்கிச் சுற்றினேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஷென் நல்ல மனிதர்தான். தராசை இரண்டு தடவை பார்த்தார். பிறகு குனிந்து எங்கள் பூட்ஸைக் கையில் எடுத்து, கோரைப்புல்லை உருவி முகர்ந்தார்.

"தண்ணி வெளியிலேர்ந்து வரக்கூடாதுன்னுதான் யோசிச்சேன். உள்ளேர்ந்து வர்றத மறந்துட்டேன்" என்றார். "முந்நூறு ஜோடி செய்ய முடியுமா?"

"முடியும்" என்றாள் ஹாய்தாங். "ஒரு பெரிய அறை வேணும், அடுப்போட. நாலு தையல் மெஷின். தைக்க வர்ற பொம்பளைங்க எல்லாரையும் தொழிலாளின்னு பதிவு பண்ணி மாசச் சம்பளம் தரணும். வீட்டு வேலைக்கு நடுவுல சும்மா தைச்சுக் குடுக்க மாட்டோம்."

கூட்டத்திலிருந்த பெண்கள் கைதட்டிய தட்டலில் பக்கத்துக் கூரைப் பனி சரிந்து விழுந்தது.

அறை கிடைத்தது. மெஷின் மூன்றுதான் வந்தது, நான்காவதை ஹாய்தாங் ஆறு மாதம் விடாமல் கடிதம் எழுதி வாங்கினாள். பதினான்கு பெண்கள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக என் பெயர் ஒரு சம்பளப் பட்டியலில் ஏறியது. என் மேலதிகாரி என் தம்பி பெண்டாட்டி. தையல் கோணினால் பிரிக்கச் சொல்வாள், அண்ணி என்றெல்லாம் பார்க்கமாட்டாள். நானும் திட்டிக்கொண்டே பிரித்துத் தைப்பேன்.

அடுத்த குளிரில் முந்நூறு ஜோடியையும் வாங்கிப்போக வந்த ஷென் ஊருக்குக் கிளம்பிய நாளன்று எல்லாரும் ரயிலடிக்குப் போனோம். காற்று வெட்டியது. அவர் காலில் எங்கள் பூட்ஸ். இரண்டு சைஸ் பெரிதாக, நானே தைத்தது. தன்னுடைய நகரத்துத் தோல் ஷூவைக் கயிறு போட்டுக் கட்டிக் கையில் தொங்கவிட்டிருந்தார். ரயில் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். பதினான்கு பேரும் கையை ஆட்டிக்கொண்டு, நடைமேடையின் முனைவரை யானைக்குட்டிக் கால்களால் தடதடவென்று ஓடினோம். ஒருத்திகூட வழுக்கவில்லை.